உள்ளான் வாத்தியார்

மிஷன் பள்ளிக்கூடத்து சத்தியநாதன் வாத்தியார் சாமான் வாங்கப் போனால் திருத்தணிக் கடைத்தெருவுக்கே கொண்டாட்டம். "ஐயா, உம்மிடத்தில் புளி உள்ளதோ?" என்று கேட்பார். வேண்டுமென்று பேசுவது அல்ல, அவருக்கு வந்த தமிழே அதுதான். பாட்டன் காலத்தில் கிறிஸ்து வேதத்துக்கு வந்த குடும்பம். வீட்டிலிருந்த ஒரே புத்தகம் வேதபுத்தகம். தகப்பனார் அதை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தமிழ் கற்றார். மகனும் தாய்ப்பாலோடு அந்தத் தமிழையே குடித்து வளர்ந்தார்.

"உள்ளது சாமி, உள்ளது! மேல பரலோகத்துல எவ்ளோ கீதோ, நம்ம கடையிலயும் அவ்ளோ கீது!" என்பான் கடைக்காரன். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். வாத்தியாரும் கூடச் சிரித்துவிட்டுப் புளியை வாங்கிக்கொண்டு நடப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு 'கீறான்' என்போம். 'உள்ளான்' என்று சொன்னால் எங்களுக்கு ஒரே பொருள்தான். ஏரிச் சேற்றில் விசுக் விசுக்கென்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடுமே ஒரு சின்னப் பறவை, அது. ஆடி ஆவணியில் எங்கிருந்தோ வரும், கோடை பிறந்ததும் போய்விடும். மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும்.

ஆனால் வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மற்றப் பள்ளிக்கூடங்களில் பேர் கூப்பிட்டால் 'ஆஜர் சார்' என்பார்கள். அவர் வகுப்பில் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். யாராவது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், "சிங்காரம் உள்ளானா?" என்று சட்டாம்பிள்ளையைக் கேட்பார். "உள்ளான் ஐயா" என்று வகுப்பே சேர்ந்து கத்தும். சிங்காரம் நெளிந்துகொண்டே எழுந்து நிற்பான். எந்நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை அவன்.

சிங்காரம் எங்கள் கண்டிகைக் கிராமத்துக்காரன், முறைக்கு எனக்கு அத்தை மகன். அவனும் நானும் ஒரே பாதையில் நடந்து போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவனுடைய தகப்பனார் செத்துப்போனதும் அவன் படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தான். நான் மேலே படித்தேன். கண்டிகையில் பி.ஏ. என்ற இரண்டெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. ஏர்க்காலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத என் நைனாவிடம், "இவனை மாட்டுக்குப் பின்னால் அனுப்பாதேயும், என் பின்னால் அனுப்பும்" என்று சொல்லி அழைத்துப்போனவர் சத்தியநாதன் வாத்தியார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. யுத்தம் தொடங்கிய சமயத்தில் தன் தேசத்துக்குத் திரும்பிப்போன ஒரு பாதிரி துரை, போகிறபோது தன்னுடைய தூரக்கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து சனிக்கிழமை விடிந்தால் கழுத்தில் கண்ணாடி, கக்கத்தில் குடை, மனைவி லோயிஸ் அம்மாள் மடித்துக் கொடுத்த அவித்த வேர்க்கடலைப் பொட்டலம், இவ்வளவோடு எங்கள் ஏரிக்கு நடந்து வருவார். கரையில் உட்கார்ந்து நாரையையும் நீர்க்காகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா சார், குருவி புடிக்கவா?" என்பார்கள் ஊர்க்காரர்கள்.

"இல்லை, பார்க்கிறேன்."

"பாத்து?"

"பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்."

இது ஊருக்குப் புரியவில்லை. பிடிக்காமல், சுடாமல், தின்னாமல் ஒரு மனிதன் குருவியை என்னத்துக்குப் பார்க்க வேண்டும்? சர்க்கார் மேலிடத்தில் யாருக்கோ சேதி சொல்லுகிறார் என்று ஒரு பேச்சு விளையாட்டாகக் கிளம்பிற்று. அன்றைக்கு அது வெறும் விளையாட்டுத்தான்.

1942ஆம் வருஷம். ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் மலையை விட்டு இறங்கிக் கலைந்த சில நாட்களில் நாடு முழுவதும் போராட்டம் பற்றிக்கொண்டது. தலைவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். காலேஜை மூடிவிட்டதால் நான் பட்டணத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் ரயில் ரோட்டோரம் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். அறுத்தவர்களில் மற்றவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அகப்படாதவன் சிங்காரம் ஒருவன்தான்.

வெளியூரிலிருந்து போலீஸ் வந்து இறங்கியது. சிங்காரத்தின் தாயார் சின்னம்மாள் அத்தை வீட்டில் நெற்குதிரைக் கவிழ்த்து, பானை சட்டிகளை உடைத்துத் தேடினார்கள். "பெத்தவளக் கேட்டா எப்டி? கம்பிய அறுத்தவனக் கேளுங்க" என்றாள் அத்தை. வழி காட்டுவதற்கு அவர்களோடு உள்ளூர் ஆளாக ஏட்டு பெருமாள் இருந்தார். அவருடைய பிள்ளைகளும் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். "உள்ளேன் ஐயா" என்பது அவர் வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் கூட அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் பதில் சொல்லும் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வாத்தியார் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கேசவா, ஏரிக்கு வருகிறாயா? தண்ணீர் வற்றியுள்ளது. சேற்றுக்கு என்ன வந்துள்ளதென்று பார்ப்போம்."

"ஊரே தலகீழா நிக்கிது, குருவி பாக்கக் கூப்பிடறீங்களே சார்."

"குருவிக்கு அது தெரியாதல்லவா? நேரத்துக்கு வந்துவிடும்."

போனோம். தண்ணீர் நடு ஏரிக்கு ஒடுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிலும் சேறு, சேற்றுக்கு அப்பால் ஆளை மறைக்கிற சம்பங்கோரை. தள்ளிக் கருவேல மர நிழலில் ஒரு பொம்பளை புல்லறுத்துக்கொண்டிருந்தாள். கூடை பக்கத்தில் இருந்தது. அது சின்னம்மாள் அத்தை என்று கூட நான் கவனிக்கவில்லை. கோரைக்குள் யார் ஒளிந்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது.

அவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கடலையை உரித்தேன். கொஞ்ச நேரத்தில் கரைமேல் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டும் சிவப்புத் தலைப்பாகைகளும் வந்துகொண்டிருந்தார்கள். எதையோ தொடர்ந்து வந்து தவற விட்டவர்கள் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா சார், தூரக்கண்ணாடில பாத்துகினு கீறீங்க? எங்களுக்கும் ஒரு ஆளக் காட்டக் கூடாதா?" என்றார் ஏட்டு வேடிக்கையாக.

வாத்தியார் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. சத்தம் போடாதே என்பது போல ஒரு கையை உயர்த்தினார். கண்ணாடி கோரையின் ஓரத்தில் நிலைத்திருந்தது. பிறகு குழந்தை கத்துகிற மாதிரிக் கத்தினார்.

"உள்ளான்! அதோ உள்ளான்! கோரைக்குள் ஓடுகிறான்!"

வருஷத்தின் முதல் உள்ளான் அது. பட்சிகளை அவன் இவன் என்று உறவு கொண்டாடித்தான் பேசுவார். வேறு எவர் வாயிலிருந்து வந்திருந்தாலும் அது குருவிதான். அவர் வாயிலிருந்து வந்ததால் அது ஆளாகிவிட்டது.

ஏட்டுக்குக் கூட அது சட்டென்று உறைக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். போலீசார் கரையை விட்டு இன்னும் இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் அந்தக் கோரைக்குள் அவர்கள் பொழுது சாயும் வரை தேடலாம். ஆனால் உள்ளே கிடந்தவனும் அந்த வகுப்பில் படித்தவன்தானே? தன் பேருக்கு வகுப்பே கத்திய அதே சொல், அதே குரலில் வந்து விழுந்ததும் சிங்காரம் எழுந்துவிட்டான். எழுந்து ஓடினான்.

சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. வயிற்றில் சோறு இல்லாதவன். பத்து எட்டு வைப்பதற்குள் விழுந்தான். விழுந்தவன்மேல் தடி இறங்கிய சத்தம் கரைக்குக் கேட்டது. கருவேல மரத்தடியிலிருந்து அத்தை போட்ட கூச்சல் அதற்குமேல் கேட்டது.

"பட்சி, ஏட்டையா! பட்சி! நான் பட்சியைச் சொன்னேன்!" வாத்தியார் குடையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினார்.

ஏட்டு முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆமா சார், பட்சிதான். பெரிய பட்சி."

சிங்காரத்தைக் கைகளைப் பின்னால் கட்டி எங்களைக் கடந்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாத்தியாருக்கு நேராக வந்ததும் அவன் நின்றான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என்னை அவன் பார்க்கவே இல்லை.

"உள்ளேன் ஐயா" என்றான். வகுப்பில் சொல்லுகிற அதே ராகம். சொல்லிவிட்டு அவர் காலடியில் ரத்தத்தோடு காறித் துப்பினான்.

அதன் பிறகு அவனை நாங்கள் பார்க்கவில்லை. கோர்ட்டிலும் அதையே சொன்னானாம்: "எங்க வாத்தியாருதான் காட்டிக் குடுத்தாரு." மார்கழியில் ஜெயிலில் சீதபேதி கண்டு செத்துப்போனான். பிணத்தைக் கூடக் கொடுக்கவில்லை.

செத்தவன் வாயால் சொன்னதற்கு அப்பால் சாட்சி வேண்டுமா? போதாததற்கு ஏட்டு வேறு கடைத்தெருவில் நாலு பேருக்கு நடுவே, "சார் மட்டும் இல்லன்னா அவன் ஆப்ட்டிருப்பானா?" என்று வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போட்டார். வாத்தியார் கண்டவரை எல்லாம் நிறுத்தி நடந்ததைச் சொன்னார். நானும் சொன்னேன். "நீ படிச்சவம்பா. ராத்திரியப் பகல்னு பேசத்தான் பட்டணத்துக்குப் போய்ட்டு வந்துகீற" என்றார்கள். "நீயும் பக்கத்துல கடல துன்னுகினு தானே இருந்த?" என்று கேட்டார்கள். சவரம் செய்பவர் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். புளி கேட்டால் கடைக்காரன், "உள்ளான், உள்ளான்" என்று கத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளான் வாத்தியார் என்ற பேர் நிலைத்துவிட்டது. முன்னே சிரித்தவர்கள் இப்போது அந்தப் பேரைச் சிரிக்காமல் சொன்னார்கள்.

வேதக் கோவிலிலும் அவருக்கு நிம்மதி இல்லை. "நம்ம சனங்க வெள்ளக்காரன் ஆளுங்கன்னு ஏற்கனவே பேசறாங்க. நீங்க அதுக்கு முத்திரையே குத்திட்டீங்க" என்று சபையார் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வகுப்பில் அவர் "உள்ளேன் ஐயா"வை நிறுத்தினார். பிள்ளைகள் 'ஆஜர் சார்' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சின்னம்மாள் அத்தை நம்ப வேண்டும். ஊர் நம்பாவிட்டாலும் போகிறது, பெற்றவள் நம்பி ஒரு வார்த்தை சொன்னால் ஊர் தானாக வாயை மூடிக்கொள்ளும். பல தடவை அவள் வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. கடைசியில் தை மாதம் என்னை அனுப்பினார். உள்ளான் இன்னும் ஏரியில்தான் இருந்தது. கோடை வந்தால் போய்விடும். அதற்குள் அவள் அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்.

அத்தை நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரையில் முறத்தை நிறுத்தவில்லை.

"ஏரிக்குத்தானே? வர்றேன்னு சொல்லு. இன்னா காட்றாருன்னு பாக்கறேன்."

மூன்று பேரும் கரையில் நின்றோம். அன்றைக்கு ஏரியில் தண்ணீர் இருந்தது. கோரை பாதி முழுகியிருந்தது. வாத்தியார் இளைத்துப் போயிருந்தார். சொந்தக் கையால் சவரம் செய்துகொண்டதில் தாடையில் வெட்டுக்காயங்கள். தூரக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அம்மா, அதோ அந்தக் கல்லின் ஓரத்தில் ஒரு சிறு பட்சி உள்ளது. வாலை ஆட்டுகிறது. இதைக் கண்ணில் வைத்துப் பாருங்கள்."

"கண்ணாடி இன்னாத்துக்கு? உள்ளான்தானே அது?"

வாத்தியார் நீட்டிய கையை மடக்கவில்லை.

"அன்னிக்கும் பாத்தேன்" என்றாள் அத்தை. "கருவேல மரத்தாண்டதான் இருந்தேன். உள்ளான் உள்ளான்னு நீ கத்தின. இந்த வருசம் வந்துட்டுதான்னு நானும் திரும்பிப் பாத்தேன். அப்பாலதான் எம்புள்ள எழுந்து ஓடினான்."

"அம்மா! உங்களுக்குத் தெரியுமா? முதலிலிருந்தே தெரியுமா?"

"எங்களுக்கெல்லாம் உள்ளான்னா உள்ளான்தான். உன்கிட்ட படிச்சதுங்களுக்குத்தான் அதுல வேற அர்த்தம் கீது."

அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி மடியில் கிடந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதிருப்பேன். அத்தனை மாதத்துக்கும் முடிவு வந்துவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது.

"ஆகையால் அம்மா, ஊராரிடத்தில் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை..."

"சொல்லலாம்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொன்னா அடுத்தது இன்னா கேப்பாங்க? அவரு காட்டிக் குடுக்கலன்னா போலீசு ஏரிக்கு ஏன் வந்துதுன்னு கேப்பாங்க. ஏன் வந்துது வாத்தியாரே? சொல்லு."

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"புல்லுக்கூடைல கூழு சட்டி வெச்சிகினு வந்தவ நானு. ஊட்ட உட்டுக் கெளம்பும்போதே பின்னால வந்துகீறாங்க. பனமரத்தாண்ட திரும்பிப் பாத்தேன். செவப்புத் தலப்பா தெரிஞ்சிது. பாத்துட்டு நின்னனா? திரும்பினனா? இல்லியே. ரெண்டு நாளா அவன் ஒண்ணும் துன்னல. கருவேல மரத்து மறைவுல பூந்துட்டா அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். கூழு ஆறிடும்னு நெனச்சேன்."

உள்ளான் கல்லை விட்டுப் பறந்து, தண்ணீரை உரசிக்கொண்டு போய் இன்னொரு கல்லில் உட்கார்ந்தது.

"அவன் கடைசில வாய வெச்சித் துன்னலியே அந்தக் கூழ" என்றாள். "நீ இல்லன்னா அது நான்னு ஆவும். எம்புள்ளய நானே காட்டிக் குடுத்தேன்னு ஆவும். உனக்கு வேற ஊரு கீது, மாத்திகினு போயிடலாம். நான் இந்த ஊர்லதான் வேகணும். அதனால நீயே இரு வாத்தியாரே. அது நீயாவே இருந்துட்டுப் போ."

எனக்குக் கோபம் வந்தது. "அத்த, இது நாயமா?" என்றேன்.

"நாயம்னு நான் சொல்லலியே. நாயமா பாத்தா ஊருக்குள்ள போய் நீயே சொல்லு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

வாத்தியார் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் எப்படிப்பட்ட வசனத்தோடு வாயைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். 'மெய்யாகவே' என்று தொடங்குவார், அல்லது 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பார். அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"செரிம்மா" என்றார். "நானே இருந்துட்டுப் போறேன்."

அவர் வாயிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வருகையில் பழைய தமிழுக்குப் போய்விட்டார். "கேசவா, அந்த அம்மாள் உயிரோடு உள்ளவரையில் இது உன் வாயிலிருந்து வரக்கூடாது. லோயிஸ் இடத்திலும் கூடாது." நான் வாக்குக் கொடுத்தேன்.

அதுவரைக்கும் கண்டவர்களிடம் எல்லாம் 'பட்சியைச் சொன்னேன்' என்று மன்றாடிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசுவதை விட்டார். "பாத்தியா, வாய மூடிகினான். குத்தம் உள்ள மனசு எத்தினி நாளுக்குக் கத்தும்?" என்றது ஊர். லோயிஸ் அம்மாள் ஒருநாள் என்னைத் தடுத்து நிறுத்தி, "ஏம்பா, நீயாவது சொல்லு. முன்னெல்லாம் தூக்கத்துல கூட இல்லன்னுவாரு. இப்ப நானே கேட்டா கூட செவுத்தப் பாத்துகினு ஒக்காந்துகீறாரு. ஒருவேள..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். கட்டிய மனைவிக்கே அந்த 'ஒருவேளை' வந்துவிட்டது. கொடுத்த வாக்கை நினைத்து நானும் நடையைக் கட்டினேன்.

ஏரிப் பக்கம் அவர் அதன் பிறகு வரவில்லை.

1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலிருந்த மைதானத்தில் பந்தல் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் பேச வந்திருந்தார். தியாகியின் தாயார் என்று சின்னம்மாள் அத்தையை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு வரிசையில் நின்றார்கள். சத்தியநாதன் வாத்தியார் வெளுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்றார். பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

பேச வந்தவருக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார்கள். "பாடம் சொல்லிக் கொடுத்த கையாலேயே மாணவனைச் சுட்டிக் காட்டிய யூதாஸ் இன்னும் இதே ஊரில் சோறு தின்கிறான்!" என்றார். கூட்டம் முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பியது. "உள்ளான்! உள்ளான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் நாலைந்து குரல்கள். முதலில் சாணி உருண்டை ஒன்று பறந்து வந்து கோட்டில் விழுந்தது. அடுத்தது கல். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள்.

வாத்தியார் ஓடவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுக, மேடையை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை. எழுந்து நின்று கையை ஆட்டினாலே போதும். அத்தை சால்வையின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. வாத்தியார் குனிந்து, பிள்ளைகள் போட்டுவிட்டு ஓடிய கொடிகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தார்.

மிஷனார் அவரைத் தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். ரயிலேற்ற வந்தவன் நான் ஒருவன்தான். அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. "கண்ணாடி எங்க சார்?" என்றேன். "கெணத்துல போட்டுட்டாரு" என்றாள் லோயிஸ் அம்மாள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார்:

"அம்மாள் சுகமாக உள்ளார்களா?"

"கீறாங்க சார்."

தலையை அசைத்துக்கொண்டார். போன இடத்தில் அடுத்த வருஷமே விஷக்காய்ச்சலில் செத்துப்போனார். சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அத்தையிடம் போய்ச் சொன்னேன். "ஆங்" என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "அவரு பொண்டாட்டி எங்க போச்சி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

இந்த ஆவணி பிறந்ததும் அத்தை காலமானாள். சொன்னபடி இந்த ஊரிலேயே வெந்தாள். கருமாதிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். காரியத்தைச் செய்தவர் அவளுடைய தம்பி பச்சையப்பன் சித்தப்பா. தலை முழுகிவிட்டு ஈரத் துணியோடு கரையில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த வாக்கின் கெடு தீர்ந்துவிட்டது. இனி ஒரு நாள் கூட வைத்திருக்கக் கூடாது என்று அங்கேயே, பங்காளிகள் எல்லாரும் கேட்க, ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளானைச் சொன்னேன், கூழைச் சொன்னேன், பனைமரத்தடியில் அவள் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன்.

நான் முடித்ததும் பச்சையப்பன் சித்தப்பா தலையைத் துவட்டுவதை நிறுத்தினார்.

"இன்னும் அவ சாம்பலு கரையல. அதுக்குள்ள பெத்தவ மேலயே பழி போடறியா? காட்டிக் குடுத்த அந்த ஆளுக்காவ?"

"சித்தப்பா, நான் கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்."

"பி.ஏ. படிச்சா இதெல்லாம் பேசச் சொல்லுதா? உங்க நைனா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு. அவ தெய்வம்டா. எழுந்து போடா."

பங்காளிகள் என்னைப் பார்க்காமல் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். இரண்டடி நடந்ததும் முதுகுக்குப் பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது. என்னிடம் இல்லை. சேற்றோரம் கையை நீட்டி, பக்கத்திலிருந்தவரிடம் சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அதோ பாரு, உள்ளான். வந்துட்டுது."

"ஆங், உள்ளான்" என்றார் அவரும்.